உரியவர் இல்லாத பேழை

இஸ்தான்புல் நகரத்தில், அயா சோபியா பள்ளிவாசலுக்கு ஒரு சவப்பேழை கொண்டுவரப்பட்டதென்றும், அதற்கு உரியவராக ஒருவரும் முன்வரவில்லையென்றும், இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை தகாது என வைதிகர் சிலர் வாதிட்டனரென்றும், எழுத்தாளர் பெயாமி ஸஃபா மன்றாடிய பின்னரே தொழுகை நடந்ததென்றும் படித்தது முதல், அந்தச் சம்பவம் என் மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. இறந்தவர் அப்துல்லா ஜெவ்தெத், 1869-இல் அரப்கிரில் பிறந்த குர்து இனத்தவர், வைத்தியர், 1904-இல் ஜெனீவாவில் ‘இஜ்திஹாத்’ பத்திரிகையைத் தொடங்கி, 1932 நவம்பரில் கண்மூடும்வரை, தடைகள் பல வந்தும் அதைக் கைவிடாத பிரசுரகர்த்தர்.

அவர் செய்த குற்றந்தான் என்ன? இஸ்லாமிய சரித்திரத்தைப் பற்றி டோஸி என்ற டச்சுப் பண்டிதர் எழுதிய நூலை 1908-இல் துருக்கி மொழியில் பெயர்த்தார். பஹாய் மதத்தைச் சிலாகித்து 1922-இல் எழுதப்போய், நபிகளை நிந்தித்தார் என்ற வழக்கில் 1926 வரை இழுபட்டார். இளமையில் அவர் வேளை தவறாமல் தொழுதவர் என்பதை யாரும் நினைவில் வைக்கவில்லை போலும்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பள்ளிவாசல் முற்றத்துக் கல்லைத்தான். பேழையைக் கல்லின்மேல் வைத்து, இவரை எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள் என்று இமாம் கேட்பதும், நல்லவராகவே அறிந்தோம் என்று கூடியிருப்போர் ஒருமிக்க விடையிறுப்பதும் அந்நாட்டு வழக்கம். எத்தனையோ கயவர்களுக்கும் தயக்கமின்றி வழங்கப்படும் நற்சான்று அது.

இன்னோர் அடக்கமும் நினைவுக்கு வருகிறது. கல்லூரியில் ‘ஹாம்லெட்’ பாடம் கேட்ட காலத்தில், மயானக் காட்சியின் மண்டையோட்டைப் பற்றி எங்கள் ஆசிரியர் நாள்கணக்கில் பேசினார். ஒபீலியாவின் அடக்கத்தையோ ஒரே மூச்சில் கடந்துவிட்டார். எனக்கு என்னவோ அரைகுறையாக நினைவில் நின்றது, அவள் மரணத்தில் ஐயம் இருப்பதால் சடங்கைக் குறைத்த பாதிரியாரும், இவ்வளவுதானா என்று மீண்டும் மீண்டும் கேட்ட அவள் தமையனுந்தான். அந்நாடகத்தையும் 1908-இல் கெய்ரோவில் துருக்கி மொழியில் பெயர்த்து வெளியிட்டவர் ஜெவ்தெத்தே! அந்தப் பாதிரியாரின் மறுமொழியைத் தம் பாஷையில் எழுதியபோது அவர் மனம் எங்கே சஞ்சரித்ததோ!

ஜெவ்தெத்துக்குத் தொழுகையை மறுத்தவர்களை மூடர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் ஆயுள் முழுவதும் எழுதியதை மெய்யென்று மதித்து, அதற்குரிய பலனை அவனுக்கு அளிக்க முற்பட்டவர்கள் அவர்கள். பரிந்து பேசிய ஸஃபாவோ, அந்த எழுத்தை அந்த ஒரு நாழிகைக்கேனும் மறந்துவிடச் சொன்னார். ஆனால் ஜெவ்தெத்தும் மதத்தை உதறிவிட்டு வெளியேறியவர் அல்லர்; நவீன விஞ்ஞானத்தைக்கூட இஸ்லாத்தின் வாயிலாகவே தம் ஜனங்களுக்குப் புகட்ட முயன்றவர்.

பிறகு நகராட்சி ஊழியர்கள் பேழையை மெர்கெஸ்எஃபெந்தி மையவாடிக்கு எடுத்துச் சென்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் ஸஃபாவின் பக்கமே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அது இறந்தவருக்காகவா, அந்தக் காட்சியைச் சகிக்கமாட்டாத எனக்காகவா என்பதை இன்றுவரை என்னால் நிச்சயிக்க முடியவில்லை.