முகம் யாருக்குச் சொந்தம்?

கதிரவன் எழுமுன்னரே காசிமேடு விழித்துவிடுகிறது. விசைப்படகுகள் கரை சேர்கின்றன. வஞ்சிரமும் சங்கராவும் ஏலத்தில் விலை ஏறுகின்றன. ஏலமெடுத்த மீனைக் கூடையில் நிரப்பி, ஐஸ் பரப்பி, தாய்மார்கள் வரிசையாக அமர்கின்றனர். ஞாயிறுதோறும் இன்னொரு கூட்டமும் வருகிறது. கையில் பை இல்லை, தோளில் காமிரா! மீன் வாங்க வந்தோரல்லர், முகம் எடுக்க வந்தோர். சுருங்கிய நெற்றி, ஈரக் கை, செதில் ஒட்டிய வளையல் அனைத்தும் நொடியில் அகப்படுகின்றன. அன்று மாலையே அப்படம் கடல் கடந்து பாராட்டுப் பெறுகிறது. படத்திலுள்ள தாயோ, தான் படமானதையே அறியாள்.

கேளாமல் மீனை எடுத்தவனைத் திருடன் என்கிறோம். கேளாமல் முகத்தை எடுத்தவனைக் கலைஞன் என்கிறோம். இஃதென்ன நீதி?

"தெரு பொது இடம். கேட்டால் இயல்பு கெட்டுவிடுமே!" என்பர் நண்பர்கள். கேட்டவுடன் முகம் விறைப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் போட் கிளப் சாலையில், காரிலிருந்து இறங்கும் சீமாட்டியின் முகத்துக்கு எதிரே முழத் தொலைவில் காமிராவை நீட்டும் துணிவு இவர்களில் எவருக்கு உண்டு? இயல்பு என்னும் தத்துவம் ஏழையின் கூடைக்கு எதிரே மட்டும் கடை விரிப்பானேன்?

இந்தப் பார்வை நேற்றுப் பிறந்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, எலும்பும் தோலுமானோரைக் குழு குழுவாக இருத்திப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமைக்கு அப்படங்கள் இன்றும் சான்று. எடுத்தவர் பெயர் நிலைத்தது. எடுக்கப்பட்டோர் வெறும் 'பஞ்சப் பராரிகள்' ஆயினர்.

காமிராவே கூடாது என்பதன்று நம் கட்சி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கருத்தன. வெறுங்கையால் எண்ணெயை அள்ளிய மீனவர்கள், அந்தக் கையைக் காமிராவின் முன் தாமே நீட்டினர். அங்கே படம் அவர்களுடைய வழக்கு. எடுத்தவர் அதற்கு எழுத்தர்.

மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன் பழனிக்குமார், 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தம் தாயின் உழைப்பையும் படமாக்கியவர். அவர் வடசென்னைப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்பித்தார். எவ்வளவு பெரிய மாறுதல்! வெளியிலிருந்து வருவோர் சுருக்கத்தைக் காண்பர். தண்டல்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்பதைப் பிள்ளை அறியும்.

நம் வகுப்பில், அன்னையைப் படமெடுத்து வருமாறு மாணவர்களிடம் சொன்னோம். மீன் விற்பவளின் மகன் ஒருவன் இரண்டு நாள் வெறுங்கையோடு வந்தான். கேட்டோம். "கடையில வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை தலை சீவி, பூ வச்சுக்கிட்டு நிக்கிறேன்னாங்க" என்றான். திங்களன்று படம் வந்தது. பச்சைப் புடவை, நிமிர்ந்த தலை, காமிராவை நேராகப் பார்க்கும் கண்கள். கூடையைக் காணோம். கலை தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டினோம். "இதில் வாழ்க்கை இல்லையே!" என்று உதடு பிதுக்கினார். அந்தத் தாய் அதைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள்.