ஆமைக்குப் போடுவது தானமா, கடனா?

எங்கள் வீட்டுப் பின்புறம், பலகை வேலிக்குள் ஓர் ஆமை இருக்கிறது. சுல்காட்டா இனம். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவில், சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம். உள்ளங்கை அளவு குட்டியாக நான் ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிசு.

பாட்டிக்கு அது கூர்மாவதாரம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால், பிரசாத வாழைப்பழம் முதலில் அதற்குத்தான். பழத்தைக் கண்டதும் அது ஓடி வருவதைப் பார்த்தால், ஆமை மெதுவாக நடக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் ரசித்தேன். வீடியோகூட எடுத்தேன்.

போன வருடம் அதற்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன போடுறீங்க?” இந்த இன ஆமைக்குப் புல்தான் உணவு. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை மெல்ல நொதிக்க வைத்துத்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது. பழச் சர்க்கரை அடிக்கடி உள்ளே போனால் அந்தச் சமநிலை கெட்டுவிடும்.

இனிமேல் பழம் வேண்டாம் என்று பாட்டியிடம் சொன்னேன். “வாயில்லா ஜீவன், ஆசையா ஓடி வருதுப்பா. கையில வெச்சிக்கிட்டு குடுக்காம இருந்தா பாவம் இல்லையா?” என்றார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தெரு நாய்க்கு நாம் சோறு வைத்தால் அது தானம். நாம் வைக்காவிட்டால் அது வேறு வாசலுக்குப் போகும். காட்டு ஆமையும் தனக்கு வேண்டியதை நடந்து தேடித் தின்னும். எங்கள் ஆமையால் அது முடியாது. வேலி போட்டது நாங்கள். போகிற வழியை அடைத்துவிட்டு, போடுகிற தீனிக்குப் புண்ணியக் கணக்கு எழுதலாமா? அது நாம் பட்ட கடன். தானத்தில் கொடுப்பவர் மனம் குளிர்ந்தால் போதும். கடனில் சேர வேண்டியது சேர வேண்டும். வாழைப்பழம் கொடுத்தபோது சந்தோஷம் எங்களுக்கு, வயிற்றுவலி அதற்கு.

ஆனால் பாட்டி கேட்டதும் தப்பில்லை. ஆசை இல்லாமல் அட்டவணை பார்த்துத் தீனி போட்டால், அது வெறும் வேலை. அந்த ஆசைக்கு ஒரு வழியைப் பாட்டியே கண்டுபிடித்தார். பிள்ளையாருக்குப் பறிக்கிற அறுகம்புல் அதற்கு அருமையான உணவு. செம்பருத்தி இலையும் பூவும் ஆகும். இப்போது வெள்ளிக்கிழமை இரண்டு பங்கு புல் பறிக்கிறார். ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று கூர்மத்துக்கு.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு இரவு நான் பஸ் ஏறி ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். முட்டிவலியோடு குனிந்து தினமும் புல் பறிப்பது பாட்டி. கடன் வாங்கியது நான், அடைப்பது அவர். இந்த ஆமை எழுபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. 50 கிலோவைத் தாண்டவும் கூடும். எனக்கு இப்போது 22 வயது.

அதனால் வார இறுதியில் வீட்டுக்குப் போனால், வேலி ஓரம் நான்தான் புல் நட்டு வளர்க்கிறேன். சித்தப்பா மகன் தனக்கும் ஒரு குட்டி வேண்டும் என்றான். “அழகா இருக்கும்தான் தம்பி. 2070ல யாரு புல் அறுப்பா?” என்று கேட்டேன். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். வாங்குவதற்கு முன்னால் நானும் யோசித்திருக்க வேண்டும்.