ஏந்துவதும் பற்றுவதும்: எடை குறைந்த குழந்தை எழுப்பும் சமயக் கேள்வி

2.5 கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. மாதம் நிறையும் முன்பே பிறப்பதாலும், கருவில் போதிய வளர்ச்சி இல்லாமல் போவதாலும் எடை குறையும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. இப்படிப் பிறந்த குழந்தையை, இடையில் துணி ஏதும் இல்லாமல் தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து, நாளின் பெரும்பகுதியும் அங்கேயே வைத்துக் காப்பதுதான் கங்காரு தாய்ப் பராமரிப்பு. இது மருத்துவ முறை. ஆனாலும் தமிழ்நாட்டுச் சமயங்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் செய்ய இயலாத உயிர் எதனால் காக்கப்படுகிறது? காக்கப்படுவதற்கு அது தன் பங்காக ஏதேனும் செய்தாக வேண்டுமா? காப்பவருக்கு அதனால் நேர்வது என்ன?

இக்கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குப் பழனி மலைத்தொடர் பொருத்தமான இடம். தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனியில், எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு தனித்து நிற்கிறார் தண்டாயுதபாணி. மேலே, கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில், அதே முருகன் குழந்தை வேலப்பர் என்ற பெயரில் வழிபடப்படுகிறார். ஒருவரையும் சாராமல் நிற்பது ஒரு முழுமை. இன்னொருவரைச் சார்ந்து கிடப்பது குறைபாடா, அதுவும் ஒரு முழுமையா என்பதே ஆராய வேண்டியது.

குளிரும் உடலும்

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும். பள்ளமான இடங்களில் உறைபனி படியும். பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு இதைத் தானே காத்துக்கொள்ளும் வசதி குறைவு. உடலின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம், தோலோ மெல்லியது. பிறந்த குழந்தைக்கு வெப்பம் தருவது பழுப்புக் கொழுப்பு. கருவின் கடைசி மாதங்களில்தான் அது சேர்கிறது என்பதால் குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பு போதாது. ஈரம் ஆவியாகும்போதும், குளிர்ந்த துணியைத் தொடும்போதும், காற்று படும்போதும், அருகிலுள்ள குளிர்ந்த சுவரை நோக்கியும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை கூடும், இரத்தச் சர்க்கரை இறங்கும், பால் குடிக்கும் தெம்பும் போய்விடும்.

மலையில் தொலைவும் சேர்ந்துகொள்கிறது. மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி போன்ற ஊர்களிலிருந்தும், நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியிலிருந்தும், பெரிய மருத்துவமனை இருக்கும் சமவெளி ஊர்களுக்கு வளைந்து வளைந்து இறங்கியாக வேண்டும். அந்த வழி நெடுக, தாயின் மார்பைவிட நம்பகமான வெப்பம் குழந்தைக்குக் கிடைப்பது அரிது.

ஆன்மாவைப் பற்றிய பேச்சில் உடல் சூட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உடலை வெறும் தளையாகக் கண்ட மரபுகள் உண்டு. இந்த மலையடிவாரத்துச் சித்தர் மரபு அப்படிக் கருதவில்லை. பழனி மூலவரை நவபாடாணம் என்னும் மருந்துக் கூட்டால் உருவாக்கியவர் சித்தர் போகர் என்பது வழிவழி நம்பிக்கை. மருந்தையும் தெய்வத் திருமேனியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் நம்பிக்கை அது. உடம்பை முதலில் இழிவாக எண்ணியிருந்து, பின்பு அதற்குள்ளேயே இறைவன் உறைவதைக் கண்டு, அதைப் பேணத் தொடங்கியதைத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். உடம்பைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்பது அவர் நிலை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையிடம் இந்த உண்மை மறைவின்றித் தெரிகிறது. அங்கே உடல் சூட்டைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே செயல்.

முறை பிறந்த விதம்

1970களின் இறுதியில், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், தாய் சேய் மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவியது. தாயும் சேயும் பிரிந்திருந்த நிலையில் குழந்தைகள் கைவிடப்படுவதும் நடந்தது. எட்கர் ரே சனாப்ரியா, எக்டர் மார்ட்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் வழியைக் கொண்டுவந்தார்கள். இல்லாமையில் பிறந்த இம்முறை, ஏழை நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு என்றே பலகாலம் கருதப்பட்டது.

செய்முறை எளிது, கவனம் மட்டும் நிறைய வேண்டும். அரைத்துணி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, இவ்வளவே குழந்தையின் உடை. தாய் சற்றுச் சாய்ந்து அமர்கிறாள். இரு மார்புகளுக்கும் நடுவில் குழந்தையை நிமிர்ந்த நிலையில், நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைக்க வேண்டும். கைகால்கள் மடங்கியிருக்க, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். பிறகு நீளமான துணியால் இருவரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்க வேண்டும். வயிறு ஏறி இறங்க இடமும் விட வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் இன்னும் ஒத்துவராது. அதனால் சீம்பாலையும் பாலையும் பீய்ச்சிக் குழாய் வழியாகவோ பாலாடையிலோ புகட்டுவார்கள்.

டெல்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றார்கள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து அணைத்த பிரிவில் முதல் 28 நாட்களில் 15.7 சதவீதம் குழந்தைகள் இறந்தன. பிறந்த உடனே அணைத்த பிரிவில் அது 12 சதவீதம். பயன் தெளிவானதும், காத்திருக்கவைப்பது இனி அறமாகாது என்பதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஹரியானாவில் 8,402 குழந்தைகளோடு வீடுகளில் நடந்த ஆய்வும் 2019இல் இதே திசையைக் காட்டியிருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், எடை குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பிறந்தவுடன் இதைத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் தொடரப் பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட இயலாத, செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிற, இரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையிலுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே விலக்கு. இயந்திரம் இல்லாத இடத்துக்கான மாற்று என்று தொடங்கியது, இயந்திரம் உள்ள இடத்திலும் முதல் மருத்துவம் ஆகிவிட்டது.

பூனையும் குரங்கும்

இறைவன் உயிரைக் காக்கையில் உயிரின் பங்கு என்ன என்பதைத் தமிழ்நாட்டு வைணவம் இரண்டு தாய்மாரைக் கொண்டு விளக்கியது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் தாவும்போது பிடி விடாதிருப்பது குட்டியின் பொறுப்பு. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாயே அதைக் கவ்விக்கொண்டு போகிறது. முன்னது மர்க்கட நியாயம், பின்னது மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார், அருளுக்கு உயிரின் பக்கத்திலிருந்து சிறிய முயற்சியாவது வேண்டும் என்றார்கள். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், அருளைத் தடுக்காமல் இருப்பதே போதும் என்றார்கள்.

எடை குறைந்த குழந்தையிடம் இரண்டு நிலைகளையும் பார்க்கலாம். அதன் உள்ளங்கையில் விரலை வைத்தால் மூடிக்கொள்கிறது. பற்றும் இந்த அனிச்சைச் செயல் கருவிலேயே தோன்றிவிடுகிறது. ஆனால் அந்தப் பிடி அதன் உடலைத் தாங்காது. ஆகவே துணி கட்டப்படுகிறது, பால் புகட்டப்படுகிறது. தொடக்கத்தில் எல்லாம் தாயின் செயலே. சூடு நிலைத்து, எடை ஏறி, வாரங்கள் நிறைந்த பிறகு குழந்தை முலையைத் தேடித் தலையைத் திருப்புகிறது, வாய் வைக்கிறது, உறிஞ்சுகிறது. முயற்சி அப்போதுதான் தோன்றுகிறது. அந்த முயற்சி, ஏந்தப்படுவதற்குக் குழந்தை கொடுத்த விலை அல்ல. ஏந்தப்பட்டதால் விளைந்த பயன்.

இறையியல் வழக்கைத் தீர்த்துவைப்பது மருத்துவத்தின் வேலை அன்று. எது முதலில், எது பின்னர் என்ற வரிசையை மட்டும் இந்தக் குழந்தை காட்டுகிறது. தகுதி பார்த்துத் தரப்படும் காப்பு, தகுதி பெறும் வலிமையே இல்லாதவரைச் சென்றடையாது. காப்பு முன்னே வந்தால்தான் முயற்சி பின்னே வரும்.

சார்ந்ததன் வண்ணம்

உயிர் எப்போதும் ஒன்றைச் சார்ந்தே இருக்கும், எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறும் என்பது மெய்கண்டார் மரபில் வந்த சைவ சித்தாந்தக் கொள்கை. சார்ந்ததன் வண்ணமாதல் என்று அதைச் சொல்வார்கள். இக்கொள்கையின்படி உயிர் ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்ந்து நிற்பது என்பதுதான் கேள்வி. மார்பில் கிடக்கும் குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, உறக்கம் ஆழமாகிறது, உடல் தாயின் சூட்டை ஏற்கிறது. மாற்றம் குழந்தையோடு நிற்பதுமில்லை. தோல் தொடுகையால் தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரக்கிறது, பால் பெருகுகிறது, அச்சம் தணிகிறது.

பூம்பாறைத் தலவரலாறு இதை வேறு விதமாகச் சொல்கிறது. அருணகிரிநாதர் அங்கே இரவு தங்கியிருந்தபோது ஓர் அரக்கி அவரைக் கொல்ல வந்தாள். முருகன் குழந்தை உருவில் வந்து அவர்மேல் தவழ்ந்தான். தாயும் குழந்தையும் என்று எண்ணி அரக்கி விலகிப்போனாள். குழந்தையைத் துறவி காக்கவில்லை; குழந்தைதான் துறவியைக் காத்தது. பெறாத ஓர் ஆணைத் தாயாகத் தோன்றவைத்ததும் மேலே கிடந்த குழந்தையே. கந்தபுராணத்திலும் முருகனைப் பாலூட்டி வளர்த்தவர்கள் பெறாத கார்த்திகைப் பெண்கள் அறுவர். ஆறு குழந்தைகளையும் உமை சேர்த்து அணைத்தபோது அவை ஒரே திருமேனி ஆயின. தாய்மை என்பது பெற்றதோடு முடிவதில்லை, அணைப்பதால் உண்டாவது என்பதை இக்கதைகள் உணர்த்துகின்றன. தாய் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கையில் தந்தையோ பாட்டியோ சித்தியோ மார்பில் ஏந்தலாம் என்று மருத்துவமும் சொல்கிறது.

தீட்டு

பிள்ளை பிறந்த வீட்டில் சில நாட்கள் தீட்டு காக்கும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. அந்நியர் வராமல் தாயும் சேயும் ஒதுங்கியிருப்பது எடை குறைந்த குழந்தையைத் தொற்றிலிருந்து காக்கக்கூடும். கங்காரு முறைக்கு வேண்டிய தனிமையும் அதில் கிடைக்கும். ஆனால் தீட்டின் பெயரால் தந்தையைத் தொடவிடாமல் தடுப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், பிறந்தவுடன் குளிப்பாட்டுவதும் கேடு. முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஈன்ற பசு, கன்றின் உடலில் உள்ள அழுக்கை அருவருக்காமல் நக்கித் துடைப்பதை வைணவ உரையாசிரியர்கள் வாத்சல்யம் என்னும் தாயன்புக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அந்த அளவுகோலை வைத்தால், பச்சை உடம்பைத் தொடுவதில் அசுத்தம் இல்லை. விலக்க வேண்டியது குளிரும் தொற்றும்தான்.

தாயை ஏந்துபவர் யார்

எட்டு மணி நேரமாவது குழந்தையை மார்பில் வைத்திருக்க வேண்டுமானால், அந்நேரமெல்லாம் தாயால் கடினமான வேலை எதுவும் செய்ய முடியாது. காப்பித் தோட்டத்திலோ பூண்டு, கேரட் வயலிலோ நாள்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது கூலி இழப்பு. அடுப்பு இருக்கிறது, மூத்த பிள்ளை இருக்கிறது. இவற்றை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால்தான் அவளால் குழந்தையை ஏந்த முடியும். உயிர் சார்ந்தே இருக்கும் என்ற கொள்கை தாய்க்கும் பொருந்தும். அவள் தியாகத்தைப் போற்றிவிட்டு எல்லாப் பொறுப்பையும் அவள்மேலேயே விட்டுவிடுவது, அக்கொள்கையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

ஆகவே கடமை பலருக்கும் பங்காகிறது. கணவர் இரவில் முறைமாற்றி ஏந்த வேண்டும். வீட்டார் சமையலையும் மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை, தாயைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தாமல், குழந்தை இருக்கும் பிரிவிலேயே அவளுக்குக் கட்டில் போட வேண்டும். செவிலியர் துணி கட்டவும் மூச்சைக் கவனிக்கவும் கற்றுத்தர வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி போன்ற அரசு உதவி, கூலி இழந்த நாட்களில் அவள் கைக்குத் தாமதமின்றி வந்துசேர வேண்டும். தன்னால் எதுவும் செய்ய இயலாத உயிர், தன்னை ஏந்துவோர் ஒவ்வொருவரையும் இன்னொருவர் ஏந்தும்போதுதான் பிழைக்கிறது. சார்ந்திருப்பது மனித உயிரின் குறை அன்று, அதன் இயல்பு. அந்த இயல்புக்கு ஏற்றபடி வீட்டையும் மருத்துவமனையையும் அரசையும் அமைப்பதே அதற்குச் செய்யும் வழிபாடு.