அறியாத சத்தியமும் அறிந்த பைஅத்தும்

ஒரு மனிதன் சத்தியம் செய்யும்போது தன் வருங்காலத்தையே அச்சொல்லுக்குப் பிணையாக வைக்கிறான். நாளை தன் மனம் எப்படி மாறினும் இன்று சொன்ன சொல்லே தன்னை ஆளட்டும் என்கிறான். ஆதலால்தான் நம் ஃபிக்ஹு நூல்கள் 'ஐமான்' எனப்படும் சத்தியங்களுக்கென்றே தனிப் பாடம் வகுத்து, எவன் பெயரால் செய்வது, எதற்காகச் செய்வது, எப்பொழுது முறிப்பது என்றெல்லாம் நுணுகி ஆராய்கின்றன. அந்த ஆராய்ச்சிக்கு ஓர் உரைகல்லாக ஃபிரீமேசன் சபைகளின் சத்தியங்களை இங்கே எடுத்துக்கொள்வோம். அரபியில் இதனை 'மாசூனிய்யா' என்பர். அச்சபை கூடும் இடம் 'லாட்ஜ்' எனப்படும். நம்மூரார் அச்சொல்லைத் தங்கும் விடுதி என்றே கொள்வர். இது வேறு.

இது எங்கோ மேல்நாட்டில் நடப்பது என்று தள்ளிவிட வேண்டாம். இந்தியரில் முதன்முதலாக இச்சபையில் சேர்ந்தவராகக் குறிப்பிடப்படுபவர் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் மைந்தர் உம்ததுல் உமரா ஆவார். 1770களில் அவர் அதில் சேர்க்கப்பட்ட இடம் திருச்சிராப்பள்ளி. நம் ஆவூருக்கு அண்டை நகரம். இலண்டன் தலைமைச் சபை அவருக்குச் சடங்குக்குரிய முன்னாடையைப் பரிசாக அனுப்பியது. அவரும் நன்றி கூறிப் பதில் எழுதினார். சென்னையில் 1786-இல் தோன்றிய 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' என்னும் லாட்ஜ் பெயர் பெற்றது. 1961-இல் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சபை அமைந்தது.

ஆடவர் சபையின் சடங்கு மூன்று படிகளாக நடைபெறும். புதிதாகச் சேர்பவரின் கண்கள் கட்டப்படும். பின்னர் மண்டியிட்டு, தம் வேதத்தின்மீது கைவைத்து, சபைத் தலைவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வார். இந்திய லாட்ஜுகளில் கீதை, பைபிள், திருக்குர்ஆன் முதலியன ஒரே பீடத்தில் வைக்கப்படுவதுண்டு. இரகசியத்தை வெளியிட்டால் இன்ன உடல்தண்டனை என்று சத்தியத்திலேயே சொல்லும் வழக்கமும் இருந்தது. 1986-இல் இங்கிலாந்துத் தலைமைச் சபை அவ்வாசகங்களைச் சத்தியத்திலிருந்து நீக்கிற்று.

இச்சபையின் 1723-ஆம் ஆண்டுச் சட்டநூல் அடிமைகளையும் பெண்களையும் சேர்க்கலாகாது என்று விதித்தது. பெண்ணைப் பற்றிய பேச்சு மூன்றாம் படியின் சத்தியத்தில் வருகிறது. சகோதர உறுப்பினரின் மனைவி, சகோதரி, மகள் ஆகியோரின் கற்புக்கு ஊறு செய்யேன் என்று ஆடவர் உறுதி கூறுகிறார். நல்ல உறுதியே. ஆனால் அங்கே பெண் யாராக நிற்கிறாள்? உறுதி கூறுபவளாகவோ, உறுதியைப் பெறுபவளாகவோ அல்லள். ஒருவன் வீட்டுக்குரியவளாக மட்டுமே நிற்கிறாள்.

இதனை மாற்றியவை கலப்புச் சபைகள். 1882-இல் பிரான்சில் மரியா தெரேம் என்னும் அம்மையாரை ஓர் ஆடவர் லாட்ஜ் துணிந்து சேர்த்துக்கொண்டது. 1893-இல் அவரும் ஜார்ஜ் மார்ட்டின் என்பவரும் பாரிசில் இருபாலார்க்கும் பொதுவான சபையை நிறுவினர். அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் அதில் சேர்ந்து, அதனை இங்கிலாந்துக்கும் பின்னர் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். பிரான்சில் இறைநம்பிக்கையும் வேதநூலும் கட்டாயமாக இல்லை. அம்மையார் தம் சபைகளில் அவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டார். மூன்று படிகள், சத்தியம், இரகசியம் என்னும் கட்டமைப்பு அப்படியே தொடர்ந்தது. ஆங்கில வழிக் கலப்புச் சபைகளில் பெண் உறுப்பினரையும் 'சகோதரர்' என்றே அழைத்தனர். கதவு திறந்தது, ஆயினும் உள்ளே நுழைய அவள் ஆணின் பெயரைத் தரிக்க வேண்டியதாயிற்று. ஆடவர் சபையோ இன்றளவும் தன் உறுப்பினர் கலப்புச் சபைக்குச் செல்வதைத் தடுக்கிறது. பெண்கள் மட்டுமே உள்ள இரு சபைகளின் நடைமுறை ஏனையவற்றில் ஒழுங்கானதே என்று 1999-இல் கூறிய இங்கிலாந்துத் தலைமைச் சபை, கலப்புக்கு இசையவில்லை.

இவற்றைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது? 1978-இல் மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம் ஃபிரீமேசன் சபையில் சேர்வது கூடாதென்று தீர்ப்பளித்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1738-இல் தடைவிதித்து, 1983-இல் அதனை உறுதிப்படுத்தியது. தொன்மையான மாதா கோவிலுடைய ஆவூரில் இத்தடை நம் அண்டை வீட்டாருக்கும் உரியதே. ஆனால் ஃபத்வாவை அறிவது ஒன்று. அதன் பின்னுள்ள நியாயத்தை உணர்வது மற்றொன்று. நியாயத்தை உணராதவன் ஒரு லாட்ஜை விலக்கிவிட்டு அதே பிழையைத் தன் வீட்டிலேயே செய்துகொண்டிருப்பான்.

முதல் வினா இது: உள்ளடக்கம் அறியாத சத்தியத்தைச் செய்யலாமா? சபையினர் தரப்பில் ஒரு சமாதானம் உண்டு. உமது சமய, ஒழுக்க, குடிமைக் கடமைகளுக்கு மாறானது எதுவும் இதில் இல்லை என்று முன்னரே கூறிவிடுகின்றனர். சகோதரரின் இரகசியம் காப்பதிலும் கொலை, தேசத்துரோகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் மாறானதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை சத்தியம் செய்பவனுடையது, செய்விப்பவனுடையதன்று. அந்த உரிமையைக் கண்கட்டோடு ஒப்படைத்துவிட்டபின் எஞ்சுவது நம்பிக்கை மட்டுமே.

இதன் பக்கத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெற்ற பைஅத்தை வைத்துப் பாருங்கள். ஸூரா மும்தஹினாவில் பெண்களின் பைஅத்துக்குரிய நிபந்தனைகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன: இணைவையாமை, திருடாமை, விபசாரம் தவிர்த்தல், பிள்ளைகளைக் கொல்லாமை, அவதூறு கட்டாமை, நன்மையானவற்றில் மாறுசெய்யாமை. அல்லாஹ்வின் தூதருக்கே கீழ்ப்படிவதிலும் 'நன்மையானவற்றில்' என்ற எல்லை குறிக்கப்பட்டது. மக்கா வெற்றியின்போது ஹிந்த் பின்த் உத்பா நிபந்தனைகள் கூறப்படும் நடுவிலேயே குறுக்கிட்டுக் கேள்வி கேட்டதாக வரலாறு கூறுகிறது. நேற்றுவரை எதிரியாயிருந்த பெண்மணி; எனினும் அவர் வாய் அடைக்கப்படவில்லை. கேட்டு, தெளிந்து, பின்னரே உடன்பட்டார்.

இரண்டாம் வினா: ஆணுக்கும் பெண்ணுக்கும் சடங்கு வேறுபடலாமா, கடமை வேறுபடலாமா? நாயகம் (ஸல்) பெண்களிடம் கைகொடுத்து பைஅத் பெறவில்லை. சொல்லாலேயே பெற்றார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். எனவே வடிவம் வேறுபட்டது. கடமையோ வேறுபடவில்லை. 621-இல் அகபாவில் பன்னிரு ஆடவர் செய்த முதல் உடன்படிக்கையின் வாசகம் இப்பெண்கள் பைஅத்தின் வாசகமே. ஆகவே அதற்கு 'பைஅத்துன் நிஸா' என்றே பெயர் வழங்குகிறது. ஆண்கள் செய்த உறுதிமொழி பெண்களின் பெயரால் அழைக்கப்படுகிறது! அடுத்த ஆண்டு இரண்டாம் அகபாவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆடவரோடு நுஸைபா, அஸ்மா என்னும் இரு பெண்மணிகளும் இருந்தனர். பெண்ணைப் பெண்ணாகவே வைத்து, அவளை உறுதிமொழிக்கு உரியவளாக்கிய நெறி இது. அவள் 'சகோதரர்' ஆக வேண்டியிருக்கவில்லை. ஸூரா அஹ்ஸாப் முஃமினான ஆண்களையும் முஃமினான பெண்களையும் இணை இணையாகப் பெயர் சொல்லியே அழைக்கிறது.

மூன்றாம் வினா: சகோதரத்துவம் யார்வரை? உறுப்பினருக்கு மட்டும் உதவும் சத்தியம் அநீதியைத் தடுக்குமா? உம்ததுல் உமரா 1801-இல் மறைந்ததும் ஆங்கிலக் கம்பெனி அவர் மைந்தரை ஒதுக்கிவிட்டுக் கர்நாடக ஆட்சியைக் கைப்பற்றியது. லாட்ஜ் இதைச் செய்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆங்கிலேயரோடு சேர்ந்து செய்த சகோதரச் சத்தியம் அந்தக் குடும்பத்தைக் காக்கவுமில்லை. ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையோ அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்றது. அது இஸ்லாத்துக்கு முந்தியதாயினும், மீண்டும் அழைக்கப்பட்டால் உடன்படுவேன் என்று நாயகம் (ஸல்) கூறினார்கள்.

இனி நம் முற்றத்தைப் பார்ப்போம். நம் மஹல்லாக்களில் திருமணச் செலவு, தலாக், பராமரிப்பு, பெண் கல்வி பற்றிய கட்டுப்பாடுகள் ஜமாஅத்துக் கூட்டத்தில் முடிவாகின்றன. அவற்றைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் ஒரு சொல் கேட்கப்பட்டதா? அவர்களை ஆடவர் கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வடிவம் வேறாகவே இருக்கட்டும். வீட்டில் கேட்டு வரலாம். பெண்கள் தனியே கூடி எழுதித் தரலாம். ஆனால் கேட்கப்படாதவர்மீது கடமை சுமத்துவது பைஅத்தின் வழியன்று. அது கண்ணைக் கட்டிச் சத்தியம் வாங்குவதைவிடவும் கீழானது. அங்கே சேர்பவன் தன் விருப்பத்தோடாவது வருகிறான்.

அவ்வாறே, சொத்துத் தகராறில் சினந்து, இனி அக்காள் வீட்டு வாசலை மிதியேன் என்று குர்ஆன்மீது சத்தியம் செய்பவரும் நம்மிடையே உண்டு. உறவை முறிக்கும் அச்சத்தியத்தை முறித்துவிடுவதே கடமை. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்கட்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு வைக்கட்டும். நல்லதைத் தடுக்கும் சத்தியத்துக்குக் காவல் நிற்பது இறைபக்தியாகாது.

சொல்லும் முன் பொருளை அறிவது, கேட்டுத் தெளிவது, நன்மை என்னும் எல்லைக்குள் நிற்பது. இம்மூன்றும் இல்லாத உறுதிமொழி லாட்ஜில் எடுக்கப்பட்டாலும் நம் வீட்டுக் கூடத்தில் எடுக்கப்பட்டாலும் ஒன்றே. அறிந்து உறுதி கூறி, கூறியதைப் பேணும் நன்மக்களாக நம் ஆண்களையும் பெண்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.