வரப்போரத்துக் கம்பி

மலையடிவாரத்தில் கடலையோ மரவள்ளியோ போட்டிருப்பவருக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டமாக இறங்கினால் தின்பது கொஞ்சம், கிளறிப் பாழாக்குவது அதிகம். வனத்துறைக்கு மனுக் கொடுத்து இழப்பீடு கைக்கு வருவதற்குள் அடுத்த பட்டமே வந்துவிடும். அந்த ஆத்திரத்தில்தான் பலர் கட்டுக்கம்பியைக் கையில் எடுக்கிறார்கள்.

வேலை எளிது. வரப்பை ஒட்டி ஓர் அடி உயரத்துக்குக் குச்சிகளை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டி, மோட்டார் கொட்டகையிலிருந்தோ மேலே போகும் லைனில் கொக்கி போட்டோ கரண்ட் கொடுத்துவிட்டால் முடிந்தது. பொழுது சாய்ந்ததும் போடுவது, விடிந்ததும் எடுப்பது. மெல்லிய கம்பி இருட்டில் தெரியாது. பனி இறங்கிய வரப்பில் வெறுங்காலோடு வருபவர் மேல் அது பட்டால், 230 வோல்ட் மின்சாரத்தில் தசைகள் இறுகி, விட்டு விலகவும் முடியாமல் போகும். முறையாகப் பதிவு செய்து போடும் சூரிய மின்வேலி இப்படிப்பட்டதல்ல. அதில் ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை, இமைப்பொழுதைவிடக் குறைவான நேரம் மட்டுமே அதிர்ச்சி பாயும். தொட்டது துள்ளி விலகிவிடும்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பாலக்காட்டில், போலீசுக்குப் பயந்து வயலுக்குள் ஓடிய இளைஞர் இருவர், பன்றிக்காகக் கட்டிய கம்பியில் சிக்கி இறந்தார்கள். காலையில் உடல்களைக் கண்ட நிலத்துக்காரர் அவற்றை அந்த வயலிலேயே புதைத்தார். கம்பி கட்டியபோது அவருக்கு யார் மீதும் பகை இருந்திருக்காது. ஆனாலும் விடிந்ததும் மண்வெட்டியைத் தேட வைத்துவிட்டது அந்தக் கம்பி.

கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஊரில் பத்துப் பேர் கம்பி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வயலில் பன்றி விழுகிறது, அல்லது எதுவும் விழவில்லை. பத்தாவது வயலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் விழுகிறார். பத்தாமவர் சிறைக்குப் போகிறார். மற்ற ஒன்பது பேரும் துக்கம் விசாரிக்கப் போகிறார்கள். இந்தப் பத்துப் பேர் செய்ததில் என்ன வேறுபாடு?

சட்டத்தின் கணக்கு விளைவைப் பார்த்தே ஏறுகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி அசட்டையாக நடந்தால், யாருக்கும் காயமே படாவிட்டாலும் குற்றம்தான் என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 336-ஆம் பிரிவில் சொன்னது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 250 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 வரை அந்த 250 ரூபாய் மாறவேயில்லை. அன்று அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு அதை 2,500 ஆக்கியிருக்கிறது. கவனக்குறைவால் சாவு நேர்ந்தால் பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, இப்போது ஐந்து. யானையைக் கொன்றதாக வன உயிரினச் சட்டப்படி உறுதியானால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விளைவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓர் உயிர் போன வீட்டின் முன்னால் நின்று, போகாதது போலவே நீதி பேச முடியாது. ஆனால் அந்த ஒன்பது பேர் தப்பியதற்கு அவர்களுடைய எச்சரிக்கை காரணமல்ல, அன்றிரவு அந்த வழியாக ஆள் வராததுதான் காரணம். யாரோ வராமல் போனதை அவர்களுடைய நல்லொழுக்கமாக எழுதிக்கொள்வது எப்படி நியாயம்?

'ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போட்டோம்' என்பது வழக்கமாக வரும் பதில். ஊருக்கு என்றால் யாருக்கு? மும்முனை மின்சாரம் ராத்திரி ஷிப்டில் வரும் ஊர்களில் தண்ணீர் பாய்ச்ச நள்ளிரவில் வரப்பேறுபவர் இருப்பார். ஆடு தேடி வருபவர், விருந்துக்கு வந்த உறவுக்காரப் பிள்ளை, வெளிக்குப் போக வருபவர் இருப்பார்கள். இவர்களில் எத்தனை பேர் காதுக்கு அது போயிருக்கும்? கம்பியே சட்டவிரோதம் என்பதால் எச்சரிக்கைப் பலகையும் வைக்க முடியாது. வைத்தால் அதுவே சாட்சியாகிவிடும். வேலியை மறைக்க வேண்டியிருப்பதுதான் அதன் ஆபத்தையும் கூட்டுகிறது.

பரண் கட்டி, தகரம் தட்டி, கண்விழித்துக் காவல் காப்பவரும் அதே பன்றியோடுதான் போராடுகிறார். அந்தச் சிரமத்தை அவர் தன் தூக்கத்தைக் கொடுத்துச் சமாளிக்கிறார். கம்பி கட்டுபவரோ அதை வழியில் வருபவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். விளைச்சலில் அந்த வழிப்போக்கருக்கு ஒரு மரக்கால்கூடக் கிடைக்கப்போவதில்லை.

அரசின் பங்கும் இதில் உண்டு. பன்றித் தொல்லைக்கு உரிய காலத்தில் வழி செய்யாமல், சூரிய வேலிக்கான மானியம் சிறு விவசாயியை எட்டாமல் இருந்தால், கம்பி நோக்கி அவரைத் தள்ளியதில் அரசுக்கும் பொறுப்பிருக்கிறது. இது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம். ஆனால் கம்பியில் கரண்ட் விட்டால் சாகடிக்கும் என்பது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சாகடிக்கத்தானே அதைக் கட்டியதே! வேகமாக வண்டி ஓட்டுபவராவது யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று நம்பித் தொலைக்கிறார். இங்கே கொல்லும் பொறி என்று தெரிந்தே, மனிதர் நடக்கும் வரப்பில் வைக்கப்படுகிறது. அதனால் இத்தகைய சாவுகளைக் கவனக்குறைவு என்று பதியாமல், விளைவை அறிந்தே உண்டாக்கிய மரணம் என்ற பிரிவில் பதிவதுதான் சரி.

அதைவிட முக்கியம், ஆள் விழுவதற்கு முன்பே வழக்குப் பதிவது. மின்வாரியத்தார் கொக்கியைக் கண்டுபிடித்தால் மின்திருட்டுக்கு அபராதம் போட்டுவிட்டுப் போய்விடாமல், 125-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். பக்கத்து வயலில் கம்பி ஓடுவது தெரிந்தும் 'நமக்கென்ன' என்று இருப்பவர்கள் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லலாம்.