பின்பக்க முனகல்

அம்பாசடரில் எஞ்சின் முன்னால், அது ஓட்டும் சக்கரங்கள் பின்னால். நடுவே வண்டிக்கு அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைத் திசைமாற்றி இரண்டு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது, பின் ஆக்சிலின் மத்தியில் உருண்டையாகத் தெரியும் டிஃப்ரன்ஷியல். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று ஓடும் எந்த அம்பாசடருக்கும் வயது பத்துக்குக் குறையாது. இந்த வயதில் பின்பக்கம் கொஞ்சம் முனகத்தான் செய்யும். எது முனகுகிறது என்று தெரியும்வரை ஸ்பானரை எடுக்க வேண்டியதில்லை.

*

கேட்பதற்கு அமைதி வேண்டும். விடியற்காலை, காலியான சாலை, பாட்டும் பேச்சும் இல்லாத வண்டி. ஐம்பது அறுபதில் சீராகப் போகும்போது ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால் முனகல் ஏறுகிறதா? காலை எடுத்ததும் அடங்குகிறதா, இல்லை, அப்போதுதான் தொடங்குகிறதா? அழுத்தும்போது டிஃப்ரன்ஷியல் பற்களின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது. காலை எடுத்ததும் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, மறுமுகம் பாரம் தாங்குகிறது. தேய்ந்த முகம் தன் முறை வரும்போது சத்தம் போடும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி கேட்டால், பல்லைவிட பேரிங்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம் போகும்.

ஷாஃப்ட்டோடு சுழலும் சின்னப் பல்சக்கரமான பினியன், வண்டிச் சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுழல்வது. அதனால் அதன் பேரிங் கெட்டால் சத்தம் கீச்சென்று உயரத்தில் இருக்கும். வீல் பேரிங் கரகரவென்று உறுமும். நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது சக்கரத்தைப் பார்க்கலாம்.

தார்ச்சாலை முடிந்து சிமெண்ட் சாலை தொடங்கியதும் சத்தம் மாறினால் அது டயர்.

*

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிஃப்ரன்ஷியலில் ஆயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு மடக்கிப் பார்க்கிறேன். துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். குப்பென்று வரும் நாற்றம் கந்தகத்தினுடையது. அது இருப்பது நல்லது. இந்த ஹைபாய்ட் அமைப்பில் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உரசலுக்கு எஞ்சின் ஆயில் போதாது. கந்தகம் கலந்த ஈ.பி. 90 கியர் ஆயில்தான் வேண்டும்.

விரலில் ஒட்டியதை வெயிலில் திருப்பிப் பார்க்கிறேன். நெருடாத சாம்பல்நிற மினுமினுப்பு, கண்மை போல வழவழவென்று. இது வயதின் தேய்மானம், கவலை இல்லை. நகத்தில் தட்டுப்படும் சில்லு வேறு விஷயம். பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. அதன்பிறகு வண்டியை ஓட்டக் கூடாது.

ஆயில் குறைந்திருந்தால் அது போன வழியையும் தேட வேண்டும். பெரும்பாலும் பினியன் சீல். ஆக்சிலின் மேலிருக்கும் சின்னக் காற்றுத்துளை சேறு பிடித்து அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் காற்று சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளிவிடும். புது சீல் போட்டும் கசிகிறதே என்று தவிப்பவர்கள் அந்தத் துளையை ஒருமுறை சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

*

விற்கப்போகும் வண்டியின் ஆயிலில் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்கும் பழைய வேலை ஒன்று உண்டு. வாங்குபவர் நாளைக்கு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போவார். அதை அறிந்தே செய்பவரை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

*

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் புதுச் சத்தம்தான் மிஞ்சும். பல வருடங்களாக ஏறாமல் ஒரே அளவில் இருக்கும் முனகலை, ஆயிலை மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடலாம். ஒரு மாதத்துக்குள் ஏறிய முனகலை விடக் கூடாது. பின்பக்க ஆயிலைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நினைவில்லாதவர்கள், இந்த வாரமே அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.