துணைக்காரணமும் தோட்டக் கணக்கும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் காரியாலயமொன்றில், கொழுந்து நிறுவையையும் பேர்க் கணக்கையும் தாங்கிய மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியவுடன், நேற்றுவரை பிழையின்றித் தேதி சொல்லிவந்த ‘டேட்’ என்னும் செயற்கூறு வரையறுக்கப்படாதது என்று திரையில் எழுத்து விழுமாயின், கணக்கப்பிள்ளை அச்செயற்கூற்றையே சந்தேகிப்பது இயல்பு. ஆயினும் குற்றம் அதனிடத்தில் இல்லை.

எக்காரியத்துக்கும் முதல், துணை, நிமித்தம் என மூன்று காரணங்கள் உண்டென்பது சைவ சித்தாந்தம். குடத்துக்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல. இங்கே மண்ணும் உண்டு, குயவனும் உண்டு, கெட்டது திரிகை. கோப்பு நம்பியிருந்த நூலகமொன்று புதிய கணினியில் இல்லாமையால், அதனோடு யாதொரு சம்பந்தமுமற்ற செயற்கூறும் அறியப்படாததாகிவிடுகிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தாரென மெய்ப்பிக்கும் பத்திரமில்லாத மலையக மக்கள் பலரை நாடற்றோராக்கியதை நினைக்கையில், பெயர் சுட்டப்பட்டவரையே குறையுடையவராகக் கொள்ளும் புத்தியின் அபாயம் என் நெஞ்சைப் பதைக்கச் செய்கிறது.

ஆகவே அன்பர்களே, சூத்திரத்தைத் திருத்தப் புகுமுன், விஷுவல் பேசிக் திரையின் ‘டூல்ஸ்’ பட்டியில் ‘ரெஃபரன்ஸஸ்’ பகுதியைத் திறந்து, ‘மிஸ்ஸிங்’ எனக் குறித்த நூலகத்தை நிறுவியோ, தேவையற்றதாயின் அதன் அடையாளத்தை நீக்கியோ, மீண்டும் தொகுத்துப் பாருங்கள்.